ஸ்கூட் விடுறது அவமானமா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. ஒரே ஒரு வார்த்தையைப் பத்தின பதிவு. கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க. வார்த்தை: "ஸ்கூட்".

ரம்மி ஆடத் தெரிஞ்ச திருநெல்வேலிக்காரங்களுக்கு இதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பெரியவங்க வாயில அது "இஸ்கூட்டு". ஸ்கூல் "இஸ்கூலு" ஆன கதைதான். ஒத்தை மெய்யெழுத்துல எந்தச் சொல்லும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு தொல்காப்பியர் போட்ட கண்டிஷனை சீட்டாட்டத்துலயும் மீறாதவங்க எங்க ஊர்க்காரங்க :-)

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். ஆளுக்கு 13 சீட்டு போட்டாச்சு. கையைப் பிரிச்சுப் பாக்கறீங்க. ஜோக்கர் ஒண்ணுகூட இல்லை. ராஜா, ராணி எல்லாம் ஆளுக்கொரு திசையைப் பாத்து நிக்கிறாங்க. ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாதிரி எதுவும் இல்லை. அப்ப என்ன செய்யலாம்? உங்க முறை வந்ததும், கட்டுலேர்ந்து ஒரு சீட்டுகூட எடுக்காம, 13-ஐயும் கவுத்து வச்சிட்டு "ஸ்கூட்"னு சொல்லலாம். அந்த ஆட்டத்துலேர்ந்து நீங்க வெளிய. அதுக்கு அபராதம் 20 பாயின்ட்.

ஒரு சீட்டை எடுத்துப் பாத்துட்டு, "ம்ஹூம், இது தேறாது"ன்னு அப்புறமா வெளிய போனா அதுக்குப் பேர் "மிடில்". அபராதம் 40. வெளிய போகாமலே கடைசி வரைக்கும் உக்காந்திருந்து, ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் ரம்மி ஒண்ணுகூடச் சேராத நேரத்துல எதிராளி ஷோ காட்டிட்டா, கையில இருக்கிற மொத்தத்தையும் எண்ணுவாங்க. எவ்வளவு எண்ணினாலும் 80-க்கு மேல போட மாட்டாங்க. அதுதான் "ஃபுல்".

20, 40, 80. இந்த மூணு நம்பரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. பொட்டி தட்டுற எனக்கு இதைப் பாத்தா யாரோ உக்காந்து டிசைன் பண்ணின மாதிரியே தெரியுது.

முதல்ல, ஸ்கூட்டுக்கும் மிடிலுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்? ஒரே ஒரு சீட்டு. அதை எடுத்துப் பாக்கற ஆசைக்கு விலை 20 பாயின்ட். "ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போயிடறேன்"ங்கிற வாக்கியத்துக்கு இவ்வளவு துல்லியமா விலை ஒட்டின இடம் உலகத்துல வேற எங்கயும் இருக்கான்னு எனக்குத் தெரியலை.

ரெண்டாவது, ஃபுல் வாங்கினா நாலு ஸ்கூட் ஒரே கையில காலி. வீம்புக்கு உக்காந்திருக்கறது, நாலு தடவை கௌரவமா எந்திரிச்சுப் போறதுக்குச் சமம்.

மூணாவதுதான் அழகு. எங்க பக்கம் ஆடுறது 101 ஆட்டம். 101 தொட்டவன் அவுட். அது ஏன் 101? நூறுன்னு வச்சா கணக்கு சுலபமா இருக்குமே? யோசிச்சுப் பாருங்க. அஞ்சு ஸ்கூட் விட்டா 5 x 20 = 100. அஞ்சு தடவை தோத்து வெளிய போனவன், ஒரே ஒரு பாயின்ட் மிச்சத்துல இன்னும் உயிரோட இருக்கான்! 201 ஆட்டத்துல ஸ்கூட் 25, மிடில் 50. எட்டு ஸ்கூட் விட்டா 200. அங்கயும் அதே ஒரு பாயின்ட் மிச்சம். ஆக, ஸ்கூட் விடுறவனைக் கொல்லக் கூடாதுங்கிறது இந்த ஆட்டத்தோட சட்டத்துலயே எழுதியிருக்கு. மறுபடி மறுபடி வெளிய போறவனுக்கும் கடைசியா ஒரு வாய்ப்பு வச்சிருக்கு.

சீட்டுக்குள்ள ஒரு பயணம்

சரி, வார்த்தைக்கு வருவோம். இங்கிலீஷ்ல "ஸ்கூட்"னா வேகமா இடத்தைக் காலி பண்றது, சட்டுனு கிளம்பறது. சீட்டாட்டத்துக்கும் அதுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அது ஒரு பயணச் சொல். "ஸ்கூட்டர்"ங்கிற பேரே அந்த வினையிலேர்ந்து பொறந்ததுதான். அதுக்கு அடுத்த தலைமுறை "ஸ்கூட்டி". அதைத் தயாரிச்ச டிவிஎஸ் குழுமத்தை ஆரம்பிச்ச டி.வி. சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர்ங்கிறது கூடுதல் தகவல். (எங்க சுத்தினாலும் திருநெல்வேலிக்கு வந்துருவோம்ல!) 2012-ல பறக்க ஆரம்பிச்ச சிங்கப்பூர் மலிவு விலை விமான கம்பெனிக்கும் ஸ்கூட்னுதான் பேரு. திருச்சிக்கு வந்து போற மஞ்சள் விமானம் அது. எங்க பக்கத்துலேர்ந்து சிங்கப்பூர் வேலைக்குப் போறவங்கள்ல பல பேர் திருச்சி போய் அதுலதான் ஏறுறாங்க. அதோட பேரை மொதல்ல கேட்டப்ப எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. 20 பாயின்ட் போட்டுட்டுப் பறக்குறானுகளேன்னு.

இதுல இன்னொண்ணும் கவனிச்சேன். ஆட்டத்தை விட்டு வெளிய போறதுக்கு எந்த ஊர்ல என்ன வார்த்தை சொன்னாலும், அது ஒரு பயணச் சொல்லாவே இருக்கு. வடநாட்டு நண்பர்கள் தீன்பத்தி ஆடும்போது சீட்டைக் கவுத்துட்டு "பேக்"ம்பாங்க. பேக்னா மூட்டை கட்டு. கம்ப்யூட்டர் ரம்மியில இருக்கிற பட்டன் "டிராப்". "என்னை ஜங்ஷன்ல டிராப் பண்ணிரு மாப்ள"ங்கிற அதே டிராப். ஏலம் கேக்கிற ஆட்டங்கள்ல, 28 ஆகட்டும் 304 ஆகட்டும், ஏலத்துல கலந்துக்காம விடுறதுக்கு "பாஸ்". அதுவும் கடந்து போறதுதான். நம்ம தமிழ்லயே "நடையைக் கட்டு", "மூட்டையைக் கட்டு", "கம்பி நீட்டு", "விடு ஜூட்" எல்லாமே அந்த ரகம்தான்.

ஏன் இப்படி? எனக்குத் தோணுற காரணம் இது. ஆட்டம்ங்கிறது ஒரு வண்டி. ஏறினவனுக்கு இறங்குற இடம் ஒண்ணு இருந்தே ஆகணும். பாபநாசம் போக வேண்டியவன் அவசரத்துல தென்காசி பஸ்ல ஏறி உக்காந்துட்டான்னு வைங்க. பழைய பேட்டையிலயே தெரிஞ்சு இறங்கிட்டா போச்சு, ஒரு ஸ்டேஜ் காசோட முடிஞ்சுது. எதிர்ப்பக்கம் நின்னா அடுத்த பஸ் வரும். அது ஸ்கூட். சீதபற்பநல்லூர்ல இறங்கினா மிடில். "டிக்கெட்டுக்குக் காசு குடுத்தாச்சே, எப்படி இறங்கறது"ன்னு ஆலங்குளம், பாவூர்சத்திரம் எல்லாம் தாண்டி தென்காசி வரைக்கும் போனான்னா அது ஃபுல். ஏறினது பெரிய விஷயமே இல்லை. எங்க இறங்கினான்கிறதுதான் கணக்கு.

ஜமுக்காளத்துல ஸ்கூட்டுக்கு இருக்கிற மரியாதை

எங்க பக்கம் கல்யாண வீட்டுல முந்தின நாள் ராத்திரி மண்டபத்துல ஒரு மூலையில ஜமுக்காளம் விரிச்சு ரம்மி நடக்கும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம்னு ஆத்தங்கரை ஊர் எதை எடுத்தாலும் இதான் வழக்கம். ஒருபக்கம் காய்கறி நறுக்குற சத்தம், இன்னொரு பக்கம் சீட்டு கலைக்கிற சத்தம். "ஒரு கை குறையுது, அண்ணாச்சி வாரியளா?"ன்னு கூப்பிடுவாங்க. கவனிங்க, சீட்டாட்டத்துல ஆளுக்குப் பேர் "கை". பஸ்ல கண்டக்டர் "ரெண்டு டிக்கெட் இறங்கு"ம்பார். அங்க ஆளுக்குப் பேர் டிக்கெட். எங்க ஆபீஸ்ல ஆளுக்குப் பேர் "ரிசோர்ஸ்". மூணுல எது மரியாதைன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. என் ஓட்டு கைக்குத்தான்.

அந்த ஜமுக்காளத்துல உக்காந்து பாத்தவங்களுக்குத் தெரியும். ஒருத்தர் "ஸ்கூட்"னு சொன்னா யாரும் அவரை ஏளனமாப் பாக்க மாட்டாங்க. ஸ்கோர் எழுதறவர் பேசாம 20 போட்டுட்டு அடுத்த ஆளைப் பாப்பார். அவ்வளவுதான். கை நல்லா இல்லை, போறார். இதுல என்ன இருக்கு? எங்க சொந்தத்துல ஒரு பெரியப்பா இருந்தார். நல்லா ஆடுவார்னு பேர் வாங்கினவர். ஆனா அவர் ஆடின ஆட்டத்தை விட விட்ட ஸ்கூட்தான் ஜாஸ்தி. கையைப் பிரிச்சு ரெண்டு நிமிஷம்கூட யோசிக்க மாட்டார், "இஸ்கூட்டு". யாராவது, "என்ன பெரியப்பா, இந்தக் கைக்குப் போய் ஸ்கூட் விடுதியளே"ன்னு கேட்டா, "ஏலே, சீட்டு வரதுக்கு நான் பொறுப்பில்ல. அதைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கதுக்குத்தான் நான் பொறுப்பு"ம்பார்.

இன்னொரு விஷயம் உண்டு. ஸ்கூட் விட்டவருக்கு அந்த ஆட்டம் முடியிற வரைக்கும் வேலை இல்லை. எந்திரிச்சுப் போய் ஒரு காபி குடிப்பார். சமையல்காரர்கிட்ட நாலு வார்த்தை பேசுவார். திரும்பி வந்து, ஜெயிக்கிறவன் மூஞ்சியையும் மாட்டிக்கிட்டவன் மூஞ்சியையும் வேடிக்கை பாப்பார். அந்தப் பத்து நிமிஷம் கட்டாய ஓய்வு. தலை தானா ஆறும். ரொம்பத் தோத்து, மொகம் செவந்து, இன்னும் பெருசா வைக்கணும்னு ஒருத்தன் துடிச்சா, சுத்தி இருக்கறதுல மூத்தவர் யாராவது, "போதும்டே, எந்திரி. போய்ப் படு"ம்பார். அவனுக்காக அவர் விடுற ஸ்கூட் அது.

நான் சூதாட்டத்தை நல்லதுன்னு சொல்ல வரலை. ஜமுக்காள ரம்மியிலயும் சம்பளத்தை விட்டவங்க உண்டு, தாலிக்கொடியை அடகு வச்சவங்க உண்டு. ஆனா அந்த ஆட்டத்துல வாசல்னு ஒண்ணு இருந்துச்சு. வாசலுக்கு ஒரு பேரும் இருந்துச்சு. அந்தப் பேருக்கு ஒரு மரியாதையும் இருந்துச்சு.

வெளிய வந்தா மட்டும் ஏன் வசவு?

இதே வார்த்தை ஜமுக்காளத்தை விட்டு வெளிய வந்ததும் வசவா மாறிடுது. "அவன் பாதியில ஸ்கூட் ஆயிட்டான்"னா ஓடிப்போயிட்டான்னு அர்த்தம். வேலையை விட்டவன் ஸ்கூட். இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷத்துல "எனக்கு இது வரலை"ன்னு நிறுத்தினவன் ஸ்கூட். நிச்சயம் பண்ணின பெறவு "இந்த மாப்பிள்ளை வேண்டாம்"னு சொன்ன பொண்ணுக்கு என்ன பேர் கிடைக்கும்னு நான் சொல்லவே வேண்டாம். ஊரை விட்டுப் போனவங்களையும் அப்படித்தான் பேசுதோம். ஆனா திருநெல்வேலியை விட்டு மும்பை போய், தாராவியில தோல் பதனிடுற தொழில்ல கால் ஊனினவங்களை யோசிச்சுப் பாருங்க. இங்க கையில வந்த சீட்டு சரியில்லைன்னு தெரிஞ்சு போனவங்க. அவங்க அனுப்பின மணியார்டர்ல இங்க எத்தனை வீட்டுல அடுப்பு எரிஞ்சிருக்கு!

நமக்குச் சின்ன வயசுலேர்ந்து சொல்லிக் குடுக்கிறது எல்லாம் "விடாதே", "பிடிச்சா உடும்புப் பிடி", "எடுத்த காரியத்தை முடி". எதைப் பிடிக்கணும்னு சொல்றவங்க, எதை எப்ப விடணும்னு சொல்லித் தர்றதே இல்லை. படிப்புக்கும், வேலைக்கும், கல்யாணத்துக்கும் எத்தனை பாயின்ட்ல ஸ்கூட், எத்தனை பாயின்ட்ல மிடில்னு யாரும் எழுதி வைக்கலை. அதனால எல்லாரும் ஃபுல் வாங்கிட்டுத்தான் எந்திரிக்காங்க.

எங்க தொழில்லயும் இதேதான். தேறாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச ப்ராஜெக்ட்டை "இவ்வளவு செலவு பண்ணியாச்சே"ன்னு இன்னும் ஆறு மாசம் ஓட்டுவாங்க. பொருளாதாரத்துல இதுக்குப் பெரிய பேர் எல்லாம் வச்சிருக்காங்க. எங்க பெரியப்பாவுக்கு இஸ்கூட்டு போதும்.

வாசலை அடைச்சது யாரு?

இப்ப உண்மையிலேயே நான் சொல்ல வந்த விஷயம்.

ஆன்லைன் ரம்மியைப் பத்தின சண்டை தமிழ்நாட்டுல 2020-லேர்ந்து நடந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்ல அவசரச் சட்டம். 2021 ஆகஸ்ட்ல அது தொடர்பான சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து பண்ணிச்சு. 2022-ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டாங்க. அந்த வருஷம் அக்டோபர்ல புதுசா மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்ல மறுபடியும் நிறைவேத்தினாங்க, ஏப்ரல்ல ஒப்புதல். 2023 நவம்பர்ல, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுக்கு இந்தத் தடை செல்லாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. கடைசியா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் மொத்தத்தையும் தடுத்து ஒரு சட்டம் கொண்டுவந்துச்சு. பெரிய ஆப் கம்பெனிகள் எல்லாம் பண ரம்மியை நிறுத்தினாங்க.

இத்தனை வருஷமும் வாதம் ஒரே கேள்வியையே சுத்திச்சு: ரம்மி அதிர்ஷ்டமா, திறமையா? திறமைன்னு சொன்னவங்க எல்லாரும் கையில எடுத்தது 1967-ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு. செகந்திராபாத் கிளப் ஒண்ணைப் பத்தின வழக்கு அது, ஆந்திர அரசுக்கும் சத்யநாராயணாங்கிறவருக்கும் நடந்தது. எந்தச் சீட்டு விழுந்துச்சுன்னு ஞாபகம் வைக்கணும், எதை வச்சுக்கணும் எதைக் கழிக்கணும்னு தெரியணும், அதனால ரம்மியில திறமைதான் பெரும்பங்குன்னு அந்தத் தீர்ப்பு சொல்லுது. நியாயம்தான். ஆனா அதே தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு. பணம் வச்சு ஆடுற ஆட்டத்துலேர்ந்து கிளப் நடத்துறவர் லாபம் எடுக்கறார்னு நிரூபிச்சா, அது குற்றமாகலாம். இந்த ரெண்டாவது வரியை யாரும் நோட்டீஸ்ல போடலை.

என் கருத்து: ரம்மியில திறமை இருக்கு, சந்தேகமே இல்லை. ஆனா அதுல பெரிய திறமை ஸ்கூட் விடுற திறமைதான். ஆப் பிடுங்கிக்கிட்டது சரியா அதை.

எப்படின்னு கேளுங்க. ஆப்ல "டிராப்" பட்டன் இருந்துச்சே? இருந்துச்சு. அழுத்தினா 20 பாயின்ட், எல்லாம் முறைப்படிதான். ஆனா அழுத்தின அடுத்த நொடி இன்னொரு மேஜை ரெடியா நிக்கும். காபி இல்லை, சமையல்காரர் இல்லை, வேடிக்கை பாக்கற பத்து நிமிஷம் இல்லை. ஜமுக்காளத்துல ஒரு ஆட்டம் பத்து நிமிஷம்னு வைங்க. ஒரு மணி நேரம் பூரா ஸ்கூட்டே விட்டாலும் ஆறு ஸ்கூட், 120 பாயின்ட். பாயின்ட்டுக்கு 1 ரூபாய்னா 120 ரூபாய். ஆப்ல நிமிஷத்துக்கு ஒரு ஸ்கூட் விட்டா? மணிக்கு 60 ஸ்கூட், 1200 ரூபாய். ஒரு ஆட்டம்கூட ஆடாம, எந்திரிச்சு எந்திரிச்சுப் போயே 1200 ரூபாய் காலி! ஸ்கூட்னா இறங்குறது. இறங்கின காலை அடுத்த பஸ்ஸோட படியிலயே வைக்கிற மாதிரி நிறுத்தி வச்சா, அது இறங்குறதா?

கூடப் படிச்ச ஒருத்தன் ஊரடங்கு காலத்துல இதுல மாட்டிக்கிட்டான். வேலை போயிடுச்சு, வீட்டுலயே உக்காந்திருந்தான். மொதல்ல கையிருப்பு, அப்புறம் நண்பர்கள்கிட்ட கைமாத்து, அப்புறம் கடன் ஆப். வீட்டுக்குத் தெரியறப்ப அவங்க அப்பா ரிட்டயர்மென்ட் பணத்துல பாதி போயிருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அடைச்சுக்கிட்டு இருக்கான். அவன் மோசமா ஆடுறவன் இல்லை. ஹாஸ்டல்ல எங்களை எல்லாம் உக்கார வச்சு ஜெயிச்சவன். பின்னாடி ஒரு நாள் சொன்னான்: "நான் ஸ்கூட் விட்டு ஸ்கூட் விட்டுத்தான் மாப்ள ஆடுனேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிடான்னு சொல்ல ஒருத்தன் இல்லை."

அவனுக்காவது உயிர் மிஞ்சிச்சு. அந்த வருஷங்கள்ல பேப்பர்ல படிச்ச செய்திகள் எல்லாம் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

சாஃப்ட்வேர்காரனா ஒரு உண்மையைச் சொல்லிடறேன். எங்க தொழில்ல ஒரு ஆள் ஆப்பை விட்டுப் போறதுக்குப் பேர் "சர்ன்". அது கெட்ட வார்த்தை. வாரா வாரம் மீட்டிங்ல அந்த நம்பரைக் காட்டித்தான் திட்டு விழும். தங்கி இருக்கறதுக்குப் பேர் "ரிடென்ஷன்". அது ஏறினா கேக் வெட்டுவாங்க. இதுல தனி மனுஷங்க யாரும் வில்லன் இல்லை. ஆனா யோசிங்க: ஒவ்வொரு ஆட்டத்துலயும் கமிஷன் எடுக்கற ஒருத்தர், நீங்க எந்திரிச்சுப் போற வாசலை எப்படிக் கட்டுவார்? ஜமுக்காளத்துல மூத்தவர் "போய்ப் படு"ன்னு சொன்னது அவருக்கு அதுல ஒரு பைசா லாபம் இல்லைங்கிறதாலதான்.

இதைச் சரியாப் பிடிச்சது ஒரே ஒரு விதின்னு நினைக்கறேன். 2025 தொடக்கத்துல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த விதிகள்ல, ராத்திரி 12 மணியிலேர்ந்து காலை 5 மணி வரைக்கும் பணம் கட்டி ஆடுற ஆட்டத்துல யாரும் உள்ள நுழையக் கூடாதுன்னு ஒரு விதி. கம்பெனிகள் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனாங்க. ஜூன்ல உயர் நீதிமன்றம் விதி செல்லும்னு சொல்லிடுச்சு. அப்ப சில பேர் கிண்டல் பண்ணினாங்க, "கவர்மென்ட்டு தாலாட்டுப் பாடுது"ன்னு. எனக்கு அது தாலாட்டாத் தெரியலை. "போதும்டே, எந்திரி. போய்ப் படு" அதுதான். மூத்தவர் சொன்னதை அரசாணையா எழுதியிருக்காங்க. ரெண்டே மாசத்துல மத்திய சட்டம் வந்து மேஜையையே எடுத்துட்டாங்கங்கிறது வேற கதை.

மேஜையை எடுத்தது சரியான்னு கேட்டா, பண ஆப் விஷயத்துல சரின்னுதான் சொல்லுவேன். "எல்லாரும் பொறுப்பா ஆடணும்"னு கடைசியில சின்ன எழுத்துல ஓடவிட்டவங்களுக்கு நெறைய வருஷம் டைம் குடுத்தாச்சு. ஆனா மேஜையை எடுத்ததோட பிரச்சினை முடிஞ்சுதுன்னு நான் நினைக்கலை. ரம்மி போனா இன்னொண்ணு வரும். பங்குச் சந்தை ஆப்ல ஆப்ஷன்ஸ்னு ஒண்ணு ஓடுது பாருங்க, அதுல எங்க செட் பசங்க எத்தனை பேர் "இன்னும் ஒரே ஒரு ட்ரேட்"ல மிடிலைத் தாண்டி ஃபுல்லுக்குப் போயிட்டிருக்காங்கன்னு கணக்கெடுத்தா தெரியும்.

அதனால நான் கேக்கறது ரெண்டே ரெண்டுதான்.

ஒண்ணு, ஸ்கூட்ங்கிற வார்த்தையை வசவாப் பயன்படுத்தறதை நிறுத்துவோம். பாதியில விட்டவனைப் பாத்து, "ஏம்டே விட்டே?"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, அவன் கையில என்ன சீட்டு இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாதுங்கிறதை ஞாபகம் வச்சுக்குவோம். ரம்மியில ஸ்கூட் விட்டவன் கையைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. கவுத்து வச்சிட்டுப் போகலாம். எவ்வளவு நாகரிகமான விதி! வேலையை விட்டவனுக்கும், படிப்பை விட்டவனுக்கும், கல்யாணத்தை நிறுத்தினவளுக்கும் அந்த உரிமையைக் குடுத்தா என்ன?

ரெண்டு, எதுல இறங்கினாலும் இறங்குறதுக்கு முன்னாடியே ஸ்கூட் பாயின்ட் என்னன்னு முடிவு பண்ணிக்குவோம். சீட்டு வந்த பெறவு முடிவு பண்ண முடியாது. ஆசை அப்ப கையில இருக்கும். எத்தனை ரூபாய், எத்தனை மாசம், எத்தனை தடவை. அதைத் தொட்டா கவுத்து வச்சிட்டு எந்திரிச்சுரணும். அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்துப் பாக்கக் கூடாது. அதோட விலை 20.

அஞ்சு ஸ்கூட் விட்டாலும் 100-தான். நீங்க இன்னும் ஆட்டத்துலதான் இருக்கீங்க.

டிஸ்கி 1: 250 ஆட்டம், 320 ஆட்டம்னு ஊருக்கு ஊர் கணக்கு மாறும். உங்க ஊர்ல ஸ்கூட் 30-ன்னா சண்டைக்கு வராதீங்க. தத்துவம் ஒண்ணுதான்.

டிஸ்கி 2: இவ்வளவு நீளப் பதிவை நடுவுல விட்டுட்டுப் போனவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. 40 பாயின்ட், அவ்வளவுதான் :-)